அரிதான ஆங்கிலச் சொற்கள்: மூலக்கதைகளில் எதை நம்பலாம்?

பலகைக்காரன் கேட்டது:

வணக்கம். வாரத்துக்கு ஒன்றாக அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட, அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று தயாராகிறது. சொல், பொருள், பிறந்த வழி மூன்றும் நாலைந்து வரியில் அடங்க வேண்டும். பொருளில் சிக்கல் இல்லை. மூலக்கதைகளில்தான் சந்தேகம். இணையத்தில் கிடைத்தவற்றை அப்படியே தருகிறேன்.

டிஃபெனஸ்ட்ரேஷன்: ஆளைச் சன்னல் வழியே வெளியே எறிவது. பிராக் நகரில் நடந்த சம்பவத்தை ஒட்டி வந்தது.
செரண்டிபிட்டி: தேடாமலே நல்லது கிடைப்பது. 'சேரன் தீவு' என்ற தமிழ்ப் பெயரிலிருந்து.
சிக்கோஃபன்ட்: காக்கா பிடிப்பவர். கிரேக்கத்தில் 'அத்திப்பழத்தைக் காட்டுபவன்'. அத்திப்பழம் கடத்துபவர்களைக் காட்டிக்கொடுத்த ஒற்றர்கள்.
அப்ரிசிட்டி: குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு.
பெட்ரிக்கோர்: மண்வாசனை.
அவங்க்யுலர்: மாமா போன்ற.
பாஷ்: ஆடம்பரமான. கப்பல் பயணச்சீட்டில் அச்சிட்ட நான்கு எழுத்துச் சுருக்கம்.
சின்சியர்: லத்தீனில் 'மெழுகு இல்லாதது'. விரிசலை மெழுகால் மறைக்காத சிற்பி. (சொல் அரிதல்ல, கதைக்காகச் சேர்த்தது.)
கேஷ்: நம்முடைய 'காசு'.

இவற்றில் எதை நீக்க வேண்டும்? காசு கட்டாமல் சரிபார்க்க வழி உண்டா?

வேர்நோக்கி:

பாஷ், சின்சியர், சேரன் தீவு மூன்றையும் இப்போதே அடித்துவிடலாம். கேஷ் பாதி சரி, பாதி தப்பு. சிக்கோஃபன்டில் சொல்லின் பிரிப்பு சரி, கதைக்கு ஆதாரம் போதாது. மற்றவை நிற்கும்.

பாஷ் விஷயம் சுலபம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்', அதாவது இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை, வெயில் படாது, பணக்காரர்கள் அப்படித்தான் பதிவு செய்தார்கள் என்பது கதை. அந்த நான்கு எழுத்தும் அச்சிட்ட ஒரு பயணச்சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை. சொல் 1914-லேயே அச்சில் இருக்கிறது. கப்பல் கதை அச்சேறுவது 1930-களில். 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலச் சொல் எதையாவது 'இது முதலெழுத்துச் சுருக்கம்' என்று யாராவது சொன்னால், தொண்ணூறு சதம் கட்டுக்கதை என்று எடுத்துக்கொள்ளலாம். அக்ரோனிம் என்ற சொல்லே 1940-களில்தான் புழக்கத்துக்கு வருகிறது.

சின்சியர் லத்தீன் சின்சேரஸ் என்பதிலிருந்து வந்தது. கலப்பில்லாத, தூய என்று பொருள். 'சினே சேரா', அதாவது மெழுகின்றி, என்பது காதுக்கு ஒத்துப்போவதால் கட்டிய பிரிப்பு.

சேரன் தீவுக்கு வருவோம். இதில் தமிழர்களுக்குப் பாசம் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாக. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று ஹொரேஸ் மான் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் செரண்டிபிட்டி என்ற சொல்லை உண்டாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர் மூவர் கதையிலிருந்து எடுத்ததாக அதிலேயே சொல்கிறார். அந்தக் கதை 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது, ஆங்கிலத்துக்கு 1722-இல் வந்தது. அதற்கு முன் பாரசீக, அரபு வடிவம் சரந்தீப். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு சரந்தீப்புக்குப் பின்னால் என்ன என்பதில். 4ஆம் நூற்றாண்டு ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் இந்த மக்களை 'செரண்டிவி' என்கிறார். 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய காஸ்மாஸ், தீவின் பெயரை 'சியலெதிபா' என்று பதிகிறார். சிங்களத்தீவு, பாலியில் சீஹளதீப, என்பதை அதில் அப்படியே கேட்கலாம். லகரம் ரகரமானால் சரந்தீப் கிடைக்கிறது. சேரன் தரப்பில் இப்படி இடைப்பட்ட வடிவம் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, அக்காலக் கிரேக்க, லத்தீன் நூல்கள் சேரர் பெயரைக் 'கேரோபோத்ரோஸ்', 'கேலோபோத்ராஸ்' என்று ககரத்தில்தான் தொடங்குகின்றன. சங்கப் பாடல்கள் அந்தத் தீவை ஈழம் என்கின்றன. பட்டினப்பாலையில் 'ஈழத்து உணவும்' என்று வருகிறது.

டிஃபெனஸ்ட்ரேஷனில் ஆண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1618 மே 23. பிராக் கோட்டையின் சன்னலிலிருந்து ஸ்லாவாட்டா, மார்ட்டினிட்ஸ் என்ற இரண்டு அரச ஆளுநர்களும் ஃபாப்ரிசியுஸ் என்ற செயலரும் எறியப்பட்டனர். உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். மூவரும் பிழைத்தார்கள், முப்பதாண்டுப் போர் மூண்டது. லத்தீனில் 'டே' என்றால் இருந்து, 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் சன்னல். வானதூதர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு தரப்பும் சாணக்குவியலில் விழுந்தார்கள் என்று மறுதரப்பும் சொல்லிவந்தன. இரண்டையும் பலகையில் ஏற்ற வேண்டாம். இதே நகரில் 1419-இலும் ஒரு முறை இப்படி நடந்திருப்பதால் ஆண்டைப் போடாமல் 'பிராக் சம்பவம்' என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும்.

பக்கம் புரட்டி:

வேர்நோக்கி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சரிபார்க்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. அந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் வருவது எப்போது, அதைப் பற்றிய கதை முதன்முதலில் எழுத்தில் வருவது எப்போது? இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் கதையைத் தள்ளிவையுங்கள். சிக்கோஃபன்டையே எடுங்கள். கிமு 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நாடகங்களில் அந்தச் சொல் இருக்கிறது. அத்திப்பழ ஏற்றுமதியைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்ற விளக்கம் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடம் வருகிறது. அவர் ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். அவருமே பிறர் சொல்வதாகத்தான் சொல்கிறார். ஆகவே பலகையில் 'சூக்கோன் (அத்திப்பழம்) + காட்டுதல். ஏன் இப்படிப் பெயர் வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை' என்று எழுதினால் போதும்.

காசு கட்டாமல் பார்க்க: முதலில் எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதித் தளம், அடுத்து மெரியம் வெப்ஸ்டர் தளம். இரண்டும் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குச் சந்தா வேண்டும், ஆனால் 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த அதன் முதல் பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் முழுதாகக் கிடைக்கிறது. மேற்கோள்களும் ஆண்டுகளும் அதில் வரிசையாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: அதில் 'முதல் சான்று' என்று இருப்பதைவிடப் பழைய சான்றுகள் பின்னால் பல சொற்களுக்குக் கிடைத்துவிட்டன. அதனால் 'முதன்முதலில் 1623-இல் தோன்றியது' என்று எழுதாமல், '1623-இல் பதிவாகியிருக்கிறது' என்று எழுதுங்கள்.

கூகுள் புக்ஸ் தேடலில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, பருவ இதழ்களுக்கு அந்த இதழ் தொடங்கிய ஆண்டே எல்லாத் தொகுதிக்கும் ஒட்டியிருக்கும். 1850 என்று காட்டும் பக்கம் உண்மையில் 1962-ஆக இருக்கலாம். அதே தொகுதிக்குள் '1960', '1961' என்று தேடிப் பாருங்கள், விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொன்று, 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் நடுவே வரும் நீண்ட எஸ் (ſ) எழுத்தைக் கணினி எஃப் என்று படித்துவிடும். 'பெஸ்ட்' என்பது 'பெஃப்ட்' ஆகிவிடும். தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஆண்டையும் எடுக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில். அகராதி 'ஒருவேளை', 'பெரும்பாலும்', 'மூலம் தெரியவில்லை' என்பவற்றைச் சுருக்கக் குறியாகப் போடும். நகலெடுப்பவர்கள் முதலில் தொலைப்பது அந்தச் சிறு குறியைத்தான். மூன்றாவது கையில் வரும்போது ஊகம் உண்மையாகிவிடுகிறது. வடிவத்தின் முன்னால் உடுக்குறி (*) இருந்தால் அது எந்த ஏட்டிலும் இல்லாத, மொழியியலாளர் மீட்டுருவாக்கிய வடிவம். அதைப் 'பழைய சொல்' என்று எழுதக் கூடாது.

அகராதியில் இருந்தாலே சொல் உண்மை என்றும் நினைக்க வேண்டாம். 1934-இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பில் 'டோர்டு' என்ற சொல், அடர்த்தி என்ற பொருளோடு இருந்தது. வேதியியல் பதிப்பாசிரியர் 1931-இல் அனுப்பிய சீட்டில் 'பெரிய டி அல்லது சின்ன டி, அடர்த்தியின் சுருக்கம்' என்று இருந்ததை யாரோ ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். 1939-இல் ஒரு பதிப்பாசிரியர் 'இதற்கு மூலம் காணோமே' என்று கவனித்தார். 1947 அச்சில்தான் நீங்கியது. வேண்டுமென்றே நுழைத்ததும் உண்டு: 2001-ஆம் ஆண்டின் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதியில் 'எஸ்க்விவேலியன்ஸ்', கடமையைத் தட்டிக்கழித்தல். யார் நகலெடுக்கிறார்கள் என்று பிடிக்க வைத்த பொறி. அரிய சொற்களின் பட்டியல்களில் இவை இன்னும் உலவுகின்றன.

அப்ரிசிட்டி பொய்ச்சொல் இல்லை, ஆனால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஹென்றி காக்கரம் 1623-இல் தொகுத்த கடினச் சொல் அகராதியில் இருக்கிறது. லத்தீன் 'அப்ரிகஸ்', வெயில் படும், என்பதிலிருந்து. அந்தக் காலத்துக் கடினச் சொல் அகராதிக்காரர்கள் லத்தீனுக்கு ஆங்கில வால் ஒட்டிப் புதிது புதிதாகச் செய்வார்கள். இதைப் பேச்சிலோ எழுத்திலோ பயன்படுத்தியவர்கள் மிகச் சொற்பம். 'அகராதியில் பதிவு, புழக்கம் அரிது' என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள்.

இஞ்சிவேர்:

கேஷ் பற்றி யாரும் விளக்கவில்லை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு, எழுத்துக்கூட்டல் ஒன்றே. ரொக்கம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காசா', அதற்கும் முன் லத்தீன் 'காப்சா'. பெட்டி என்று பொருள். பணப்பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. மற்றது, ஆசியாவின் சிறு செப்புக்காசுகளை, குறிப்பாக நடுவில் துளையிட்ட சீனக் காசை, ஐரோப்பியர் அழைத்த பெயர். அது போர்ச்சுகீசிய 'காயிஷா' வழியாக நம் காசு. இரண்டும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்திருப்பதால் குழப்பம் இயல்பு. பலகைக்கு இரண்டாவது கேஷ்தான் பொருத்தம், அதுதான் அரிதானதும்கூட.

தமிழ் வழி உறுதியாக உள்ள சொல் வேண்டுமென்றால் அணைக்கட்டிலிருந்து வந்த 'அனிகட்', சுருட்டிலிருந்து வந்த 'செரூட்', மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிமக் குடும்பத்துக்குப் பெயரான 'கொரண்டம்', அதாவது குருந்தம். கட்டமரன் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகு, கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம் அல்ல. இப்படிப்பட்ட சொற்களுக்கு 1886-இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பரோ–எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதி மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இலவசமாகத் தேடலாம். ஹாப்சன் ஜாப்சனில் மேற்கோள்களை நம்புங்கள், அதன் வேர் விளக்கங்களை மற்ற இரண்டோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட அழகானது ஜிஞ்சர். பழைய ஆங்கிலம் 'கிங்கிஃபர்', லத்தீன் 'ஜிங்கிபெரி', கிரேக்கம் 'ஜிங்கிபெரிஸ்', பாலி 'சிங்கிவேர'. வால் பகுதியில் வேர் தெளிவாகத் தெரிகிறது. முன்னால் உள்ள சகரம்? சிறகு–இறகு, சிப்பி–இப்பி போல முதல் சகரம் உதிர்வது தமிழில் பழக்கமானதுதான், இஞ்சிக்கும் அப்படி ஒரு பழைய வடிவத்தைக் கருதுகிறார்கள். வடமொழியில் இதைச் 'சிருங்கவேர', கொம்பு வடிவானது, என்று பிரித்தது பிற்கால ஒட்டு. சின்சியர் மெழுகுக் கதையின் இந்தியப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கண்டிப்பை நம் பக்கமும் காட்ட வேண்டும். 'எய்ட்' என்பது எட்டு, 'ஒன்' என்பது ஒன்று என்று வரும் பட்டியல்களைத் தொடவே வேண்டாம். எண்பது, எண்ணூறு என்பவற்றைப் பாருங்கள், நம் எட்டின் வேர் எண். ஆங்கிலத்தில் பழைய வடிவம் 'எஆஹ்ட்டா', லத்தீனில் 'ஆக்டோ'. டகரத்துக்கு முன் ககர, ஹகர ஒலி இருந்தது, இன்றும் உச்சரிக்காத இரண்டு எழுத்தாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பின்னோக்கிக் கொண்டுபோகப் போக அவை விலகுகின்றன. உறவுச் சொற்கள் என்றால் நெருங்க வேண்டும்.

பலகைக்காரன்:

மிக்க நன்றி. பாஷ், சின்சியர் இரண்டும் போயிற்று. சேரன் தீவை நீக்கத்தான் மனம் வரவில்லை, நீக்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: அவங்க்யுலருக்கு 'மாமா போன்ற' என்பது சரிதானா? ஆங்கிலத்தில் சித்தப்பாவும் அங்கிள்தானே? ஆரஞ்சும் சேர்க்க நினைக்கிறேன். 'எ நாரஞ்ச்' என்பதைத் தப்பாகப் பிரித்து 'அன் ஆரஞ்ச்' ஆனது என்கிறார்கள்.

வேர்நோக்கி:

ஆரஞ்சில் நகரம் உதிர்ந்தது ஆங்கிலத்தில் இல்லை. அதற்கு முன்பே பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் உதிர்ந்துவிட்டது. ஸ்பானியத்தில் இன்னும் 'நரான்ஹா'தான். ஆங்கிலத்திலேயே பதம் பிரித்ததில் நகரம் போன சொற்கள் வேண்டுமென்றால் ஏப்ரன், ஆடர் என்ற பாம்பு, அம்பயர் மூன்றும் சரியான எடுத்துக்காட்டு. முன்பு அவை நாப்ரன், நாடர், நூம்பெர். எதிர்த்திசையில் நகரம் ஒட்டிக்கொண்டவை நியூட், நிக்நேம். நிக்நேம் முதலில் 'ஏக்கநேம்', கூடுதல் பெயர்.

அவங்க்யுலர் நீங்கள் நினைத்ததைவிட நம் முறைக்கு நெருக்கமானது. லத்தீனில் 'அவுன்குலஸ்' தாயின் உடன்பிறந்தவன் மட்டும், அச்சாகத் தாய்மாமன். தந்தையின் உடன்பிறந்தவனுக்குப் 'பத்ருவஸ்' என்று தனிச்சொல் இருந்தது. 'அமிட்டா' தந்தையின் உடன்பிறந்தவள், அதாவது அத்தை. தாயின் உடன்பிறந்தவள் 'மாத்தெர்த்தெரா'. அவுன்குலஸ் பிரெஞ்சு வழியாக அங்கிள் ஆயிற்று, அமிட்டா ஆன்ட் ஆயிற்று. பத்ருவஸும் மாத்தெர்த்தெராவும் வழியிலேயே நின்றுவிட்டன. ஆக வேரைப் பார்த்தால் அங்கிள் மாமா, ஆன்ட் அத்தை.

ஆனால் இது மூலம். இன்றைய பொருள் வேறு: வயதில் மூத்தவர் இளையவரிடம் காட்டும் கனிவான, கலகலப்பான தன்மை. 'மாமா போன்ற' என்று மட்டும் எழுதினால் தமிழில் வேறு பொருளும் தொனிக்கும், சிரிப்பார்கள். 'பெரியவருக்குரிய கனிவான' என்று பொருள் கொடுத்து, தாய்மாமனை மூலத்தில் வையுங்கள். இந்தப் பிரிப்பு எல்லாச் சொல்லுக்கும் வேண்டும். சிக்கோஃபன்ட் ஏதென்ஸில் பொய்வழக்குப் போட்டுப் பணம் பறிப்பவன், இன்று துதிபாடி. பழைய பொருளே 'உண்மையான' பொருள் என்று யாராவது வாதிட்டால் கேட்காதீர்கள்.

பக்கம் புரட்டி:

பெட்ரிக்கோரிலும் பொருளையும் வழியையும் பிரித்தே எழுத வேண்டும். மாதிரிக்கு அதையே பலகை அளவில் எழுதிக் காட்டுகிறேன்.

பெட்ரிக்கோர் (அழுத்தம் முதல் அசையில்). இன்றைய பொருள்: வறண்ட நிலத்தில் மழை விழும்போது எழும் மணம், மண்வாசனை. வழி: கிரேக்கம் 'பெட்ரா' பாறை + 'இக்கோர்' தேவர்களின் நரம்பில் ஓடும் திரவம். பதிவு: 1964, நேச்சர் இதழ், இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ். குறிப்பு: அவர்கள் பெயர் வைத்தது அந்த மணத்துக்கு; மணத்துக்குக் காரணமான, பாறையிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயையும் இப்பெயரால் குறிப்பதுண்டு. உறுதி: முழுமை.

கடைசி வரியை விடாதீர்கள். முழுமை, பெரும்பாலும், ஊகம் என்று மூன்றில் ஒன்று போதும். செரண்டிபிட்டிக்கு இரண்டு தர வேண்டியிருக்கும்: வால்போல் வரை முழுமை, சிங்களத்தீவு வரை பெரும்பாலும்.

இஞ்சிவேர்:

சின்சியர் போன இடத்தில் வைக்க ஒன்று: சிலபஸ். சொல் அரிதல்ல, ஆனால் கதை உண்மையானது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் 'சித்திபா' என்று ஒரு சொல் வருகிறது. சுருளேட்டின் தலைப்பு எழுதித் தொங்கவிடும் தோல்சீட்டு. 15ஆம் நூற்றாண்டு அச்சுப்பதிப்புகளில் அது 'சில்லபோஸ்' என்று தப்பாக ஏறிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைக் கிரேக்கச் சொல் என்று நினைத்து ஒரு கிரேக்க வினையையும் தேடி ஒட்டினார்கள். பன்மை 'சிலபை' என்றுதான் எழுத வேண்டும் என்று யாராவது பலகையைத் திருத்த வந்தால் இதைச் சொல்லலாம். 'சிலபஸஸ்' என்பதையும் அகராதிகள் ஏற்கின்றன.